மேற்படிப்பும் நம் விடுதலையும்

பட்டம் வாங்கி வந்த பிள்ளையைப் பார்த்து நம்மவர் வீடுகளில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இன்னும் என்னப்பா படிப்பு? ஒரு வேலைக்குப் போகக் கூடாதா?" நகரியில் விசைத்தறி ஓட்டும் தந்தை கேட்கிறார். திருப்பதியில் பூக்கட்டி விற்கும் தாய் கேட்கிறாள். சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் பருவக் கூலிக்குப் போகும் அத்தையும் இதையேதான் கேட்கிறாள். இக்கேள்வியை நாம் ஏளனம் செய்யமாட்டோம். அதற்குள் அரிசி விலையும் வட்டிக்கடைக்காரன் முகமும் இருக்கின்றன. மேடை ஏறி "படி, படி" என்று முழங்குகிறவர்களில் பலர் அந்த வட்டிக்கணக்கைப் பார்த்ததே கிடையாது.

ஆனால் இன்னொரு கூட்டமும் நம்மிடையே உண்டு. எம்.ஏ. என்பது கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஓர் ஆபரணம். டாக்டர் பட்டம் என்பது வாசற்பலகையில் பெயருக்கு முன்னால் எழுதிக்கொள்ள மற்றோர் ஆபரணம். ஆய்வேட்டை எழுதித் தரவே கூலிக்கு ஆள் கிடைக்கிற காலம் இது. இப்படிப் பெற்ற பட்டத்தால் பெற்றவனுக்குச் சம்பள உயர்வு வரலாம். அவன் தெருவுக்கு வருவது ஒன்றுமில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருப்பதாகவே நாம் கருதுகிறோம். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளை முதுகலையும் ஆராய்ச்சியும் படிப்பதை அரசியல் கல்வியாக ஆக்க முடியும். அது தானாக ஆகிவிடாது. பல்கலைக்கழகம் அதைத் தானே முன்வந்து கொடுக்கவும் கொடுக்காது. போராடித்தான் பெறவேண்டும், சில சமயம் வழிகாட்டும் பேராசிரியரோடு போராடியும்!

இதற்குப் பெரிய சான்று அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அமெரிக்கா போனவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915இல் எம்.ஏ. பெற்றார். 1916 மே மாதம், கோல்டன்வைசர் என்ற பேராசிரியரின் கருத்தரங்கில், இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது, எப்படி இயங்குகிறது என்று கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. தன் மேல் விழுந்த அடியையே ஆராய்ச்சிப் பொருளாக்கி, அடித்த கையின் எலும்பமைப்பை எண்ணிப் பார்த்த வேலை அது. லண்டனில் ரூபாயின் பிரச்சினை பற்றி எழுதி 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். கொலம்பியாவின் டாக்டர் பட்டம் 1927 ஜூன் மாதம் முறைப்படி வந்தது. அதே 1927 மார்ச்சில்தான் மகாட் குளத்தில் ஆயிரக்கணக்கானவரோடு இறங்கி நீர் அருந்தினார். அதே ஆண்டு டிசம்பரில் மனுநூல் எரிக்கப்பட்டது. பட்டமும் போராட்டமும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்று யாராவது சொன்னால், அவர்கள் அவருடைய பத்தாண்டுப் படிப்பைப் பார்க்கவில்லை என்றே சொல்வோம்.

பட்டம் சாதியைப் போக்கிவிட்டதா? இல்லை. 1917இல் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பியவருக்குத் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். கொலம்பியாவில் படித்தவர் பரோடாவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. படிப்பு தனி மனிதனுக்கு மதில் கட்டிக் கொடுக்கும் என்று நம்பிப் போகிறவன் ஏமாந்து திரும்புவான். கூட்டத்துக்கு ஆயுதம் வடித்துத் தரலாம் என்று போகிறவனுக்குப் பரோடாவின் மரத்தடியும் ஒரு பாடமே.

நூறு ஆண்டு கழிந்தும் கதை மாறவில்லை. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலா, அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்தவர், இதே ஆந்திரத்துக் குண்டூர்க்காரர். மாதக்கணக்கில் உதவித்தொகை நின்றது. நான்கு தோழர்களோடு விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2016 ஜனவரி 17 அன்று அவர் உயிர் போயிற்று. கேள்வி கேட்கும் ஆராய்ச்சி மாணவனுக்கு உயர்கல்விக் கூடம் என்ன விலை கேட்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். எனவேதான் சொல்கிறோம்: நம் பிள்ளை அங்கே தனியாகப் போகக்கூடாது. பின்னால் ஒரு சங்கம் நிற்கவேண்டும்.

இனி, நாம் வாழும் இந்த மண்ணுக்கு வருவோம்.

சித்தூர் மாவட்டம் 1911இல், வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களை எடுத்து ஒட்டவைத்த மாவட்டம். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது முழுமையாக அங்கே போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தாலும், பிறகு வந்த படாஸ்கர் தீர்ப்பாலும், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. பதிலுக்குச் சத்தியவேடு முதலான ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நாம் பிழைப்புத் தேடி இங்கே வந்தவர்கள். ஆனால் சத்தியவேட்டிலும் நகரியிலும் குப்பத்திலும் உள்ள தமிழர்களில் மிகப் பலர் எங்கிருந்தும் வந்தவர்களல்லர். அவர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தார்கள், கோடுதான் இடம்பெயர்ந்தது. ஊர்விட்டு ஊர் வராமலே அயலாராக்கப்பட்டவர்கள் அவர்கள்.

அந்தக் கோட்டைப் பற்றி இன்றைக்கும் மேடையில் கண்ணீர் வடிக்கிறவர்கள் உண்டு. கோட்டின் இந்தப் பக்கம் விழுந்த குழந்தை எந்த மொழியில் எழுத்தறிந்தது, அதற்கு ஆசிரியர் வந்தாரா என்று கேட்பவர் சிலரே. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யவேண்டும் என்று 1956இல் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டம் இருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்குத் தமிழ் ஆசிரியர் வேண்டுமே! தமிழில் முதுகலை படித்தவர் இந்த மாவட்டத்திலேயே உருவாகாவிட்டால் அந்தப் பிரிவு காகிதத்தில் கிடக்கும். ஒரு மாணவி திருப்பதியில் எம்.ஏ. தமிழ் சேர்வது அவள் சொந்த விருப்பம் மட்டுமன்று என்று நாம் வாதிடுவதற்கு இது ஒரு காரணம்.

திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954இல் தொடங்கியது. தேவஸ்தானம் நிலம் கொடுத்தது. தேவஸ்தானத்தின் செல்வம் யாருடையது? புரட்டாசியில் மஞ்சள் துணி கட்டி நடந்து வந்தவர்கள் போட்ட காசு அது. அவர்களில் எண்ணற்றோர் தமிழ்நாட்டு ஏழைகள். கடன் தீரும் என்று உண்டியலில் முடிச்சவிழ்த்தவன் தன் பேரன் படிக்கும் கூடத்துக்கும் அடிக்கல் போட்டிருக்கிறான். எனவே அங்கே நம் பிள்ளைகள் இரவலாளிகளாகத் தலைகுனிந்து நுழைய வேண்டியதில்லை. அங்கே தமிழ்த்துறை உண்டு. 1983 முதல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வ.அய். சுப்பிரமணியம் போன்ற அறிஞர்கள் மூன்று மாநில எல்லையில் நான்கு மொழியும் கூடிப் படிக்கட்டும் என்று கண்ட கனவு அது. கனவு எவ்வளவு மெய்ப்பட்டது என்பதைத் தனியாகப் பேசவேண்டும். இப்போதைக்குக் கூடம் இருக்கிறது, கதவு இருக்கிறது என்ற அளவில் நிறுத்துவோம்.

உள்ளே போய் எதைப் படிப்பது? இங்கேதான் நம் பேச்சின் உயிர்நிலை.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாகக் குறித்த மலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ். பல்லவ குலத்துச் சாமவை என்ற பெண் பத்தாம் நூற்றாண்டில் வெள்ளித் திருமேனி செய்து வைத்து நிலமும் கொடுத்த செய்தியும் தமிழில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. 1930களில் தேவஸ்தானமே இவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. நம் மேடைப் பேச்சாளர்களுக்கு இது போதும்: "பார்த்தீர்களா, மலை நம்முடையது!" என்று முடித்துவிடுவார்கள். கைதட்டலும் கிடைக்கும். கல்வெட்டு சொல்வது அவ்வளவுதானா?

பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்கர் வேறுவிதமாகக் கேட்டார். 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த டாக்டர் பட்ட ஆய்வேடு திருப்பதிக் கோயிலின் பொருளாதாரம் பற்றியது. விசயநகர காலத்தில் கோயிலுக்கு வந்த காசு எங்கே போயிற்று என்று அவர் தேடினார். கோயில் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டப் போயிற்று. பாசனம் பெருகியதால் விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலிலிருந்து தானம் செய்தவர் பெயரில் அமுதுபடி நடந்தது. கோயில் என்பது பக்தியின் இடம் மட்டுமல்ல, பணம் முதலீடாக மாறும் இடமும்கூட என்பதை அவர் கல்வெட்டுகளைக் கொண்டே நிறுவினார். கடல் கடந்து வந்தவருக்குத் தோன்றிய கேள்வி மலையடிவாரத்தில் குடியிருந்த நமக்கு ஏன் தோன்றவில்லை? மூளை குறைவா? இல்லை, அந்தக் கேள்வியைக் கேட்பதற்குரிய நேரமும் நூலகமும் உதவித்தொகையும் அவருக்கு இருந்தன. முதுகலைப் படிப்பு என்பது கடைசியில் அதுதான். கூலிக்கு ஓடாமல் சில ஆண்டுகள் உட்கார்ந்து ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளும் உரிமை. வசதியுள்ளவன் வீட்டுக்கு அந்த உரிமை தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. நம் வீட்டுக்கு இப்போதுதான் வருகிறது.

ஸ்டைன் விட்ட இடத்திலிருந்து நம் பிள்ளை தொடங்கலாம். கால்வாயை வெட்டியவர் யார்? வெட்டிய கைக்கு நிலத்தில் பங்கு இருந்ததா? 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை, அந்த நீரில் விளைந்த நெல் எந்தக் கோயிலுக்குப் போயிற்றோ அந்தக் கோயிலுக்குள் உழவனும் பள்ளன் வெட்டிய கையும் நுழைய முடியாமல் இருந்ததே, அந்தக் கணக்கை யார் எழுதுவது? தமிழும் தெலுங்கும் அறிந்த எல்லைப்புறப் பிள்ளையால் எழுத முடிவதைச் சென்னையில் இருக்கிறவனால் எழுத முடியாது. இரண்டு மொழிக்கு நடுவில் வளர்ந்ததைக் குறை என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆராய்ச்சியில் அதுவே முதல்.

பழங்கதை மட்டும் போதாது. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிக்கு அருகே, சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று இருபது தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஏழைகள். சவ்வாது மலைப் பழங்குடியினர் பலர். அந்தக் காடும் திருப்பதியின் கல்விக்கூடங்களும் ஒரே மலையின் அடியில்தான் இருக்கின்றன. செம்மரத்தின் வேரையும் விதையையும் பற்றி ஆராயலாம், நல்லதே. அந்த மரத்தை வெட்டக் கூலிக்கு வந்தவன் எந்தக் கடனால் வந்தான், மலையில் அவன் நிலம் என்ன ஆயிற்று, கட்டை கடல் தாண்டிப் போகும்போது ஒரு கிலோவுக்கு யார் யார் எவ்வளவு எடுத்தார்கள், சுட்டுக் கொன்ற பின்பு எந்த நீதிமன்றப் படியில் அவன் மனைவி ஏறி இறங்கினாள் என்று ஆராய்வதும் ஆராய்ச்சிதான். முதலாவது வகை ஆய்வுக்கு மேசையும் கருவியும் வேண்டும். இரண்டாவதற்கு அவற்றோடு நெஞ்சுறுதியும், பின்னால் நிற்க ஓர் அமைப்பும் வேண்டும். பொருளாதாரமும் சமூகவியலும் சட்டமும் படிக்கிற நம் பிள்ளைகள் இதைத் தொடவேண்டும் என்று கேட்கிறோம். சத்தியவேட்டில் ஸ்ரீசிட்டி ஆலைகளில் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களைப் பற்றியும், குப்பத்துக் கல்லுடைப்பாளிகளின் நுரையீரலைப் பற்றியும் இப்படியே.

பாவுலோ பிரெய்ரே என்ற பிரேசில் ஆசிரியரின் பெயரை வாசகர்கள் பலர் அறிவார்கள். 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் முந்நூறு உழைப்பாளர்களுக்குச் சில வாரங்களில் எழுத்தறிவித்துக் காட்டினார். 1964இல் இராணுவ ஆட்சி வந்ததும் சிறைக்கும் பின்பு நாடு கடந்தும் போனார். ஆசிரியர் போட்டு வைக்க, மாணவர் வாங்கி வைத்துக்கொள்ளும் வங்கிமுறைக் கல்வியை அவர் கண்டித்தார். திருப்பதியில் இருந்துகொண்டு இதற்கு வங்கியை உவமை சொல்வானேன்? உண்டியல் என்று சொல்லிவிடலாம். வாயை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, விழுவதை ஏற்றுக்கொண்டு, யார் போட்டார் என்ன போட்டார் என்று கேளாத உண்டியல்! நம் முதுகலை வகுப்புகள் பலவற்றில் இன்றும் குறிப்பேட்டை வாசிக்க, எழுதிக்கொள்ள, தேர்வில் திருப்பிக் கொட்ட என்றே பாடம் நடக்கிறது. அந்த வகுப்பில் இரண்டு ஆண்டு உட்கார்ந்து எழுந்தவன் விடுதலைக் கல்வி பெற்றவனாக வருவான் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் பக்கத்து மாவட்டத்தைப் பாருங்கள். நெல்லூரில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, முதியோர் பாடநூலில் சாராயத்தால் குடும்பம் அழிந்த சீதம்மா என்ற பெண்ணின் கதை ஒரு பாடமாக இருந்தது. படித்த பெண்கள், "இது நம் கதைதானே" என்றார்கள். 1992இல் தூபகுண்டா என்ற ஊரில் சாராயக் கடையை மூடவைத்தார்கள். தீ பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது; 1995இல் முழு மதுவிலக்கு வந்தது; 1997இல் அதைத் தளர்த்தினார்கள் என்பது வேறு கதை. ஒரு பாடம் ஒரு மாநிலத்தின் வருமானக் கணக்கையே ஆட்டியது. பயிற்சி பெற்றவர்கள் மக்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதினால்தான் அப்படிப்பட்ட பாடம் பிறக்கும். நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்கு அப்படி எழுதுகிறவர்கள் வேண்டும். அவர்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வரவேண்டும் என்பதே நம் கட்சி.

"தெருவில் வேலை கிடக்கிறது, நீங்கள் பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பச் சொல்கிறீர்களே" என்று நம் தோழர்களில் சிலர் கேட்கிறார்கள். மத்தியதர வர்க்க மோகம் என்றும் சொல்கிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. படித்துப் போன பலர் பெங்களூரில் வீடு வாங்கியபின் நம் சந்தா ரசீதுகூட எடுப்பதில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். கூலி ஒப்பந்தத்தை வாசிக்க, அரசாணையைப் பிரித்துப் பார்க்க, நீதிமன்றத்தில் மனுவெழுத நாம் இன்று யாரிடம் போகிறோம்? மேல்சாதி வக்கீல் குமாஸ்தாவிடம். அவர் சொன்னதே நமக்குச் சட்டம். நம் அறிவை அயலான் கையில் அடகு வைத்துவிட்டு, தெருவில் மட்டும் நாம் வீரர்களாக இருப்பது எத்தனை நாளைக்கு? லண்டனில் நம்மைப் போல் ஊர்விட்டுப் போன ஈழத்தமிழர் அ. சிவானந்தன், ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நூலகராக இருந்தவர். 1972இல் அங்கே ஊழியர்களும் உறுப்பினர்களும் சேர்ந்து நிறுவனத்தையே கைப்பற்றி, மேலிடத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்த இடத்தை அடக்கப்பட்டவர்களின் கையில் கருவியாக மாற்றினார்கள். நூலகமும் தெருவும் பகையாகவே இருக்கவேண்டும் என்று விதியில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஆந்திர அரசு 2020 டிசம்பரில் அரசாணை 77 மூலம், தனியார் கல்லூரிகளில் முதுகலை படிப்போருக்குக் கட்டண உதவியை நிறுத்தியது. அடி விழுந்தது நம் வீடுகளில்தான். அந்த ஆணையை நீக்குவோம் என்று பிறகு தேர்தல் மேடைகளில் வாக்களிக்கப்பட்டது. வாக்கை நினைவூட்டும் வேலை நம்முடையது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகையை மத்திய அரசு 2022 டிசம்பரில் நிறுத்தியது. மிச்சம் இருப்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வு. அதில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். தறி வீட்டுக்கு அது பெரிய தொகை. ஆனால் அதை எட்டுவோர் சிலரே. தேர்வுப் பயிற்சியும் காசுள்ளவனுக்கே எளிது. தொலைவழியில் டாக்டர் பட்டம் என்று விளம்பரம் பார்த்து முன்பணம் கட்டிவிடவேண்டாம். அவ்வழி கூடாதென்று மானியக் குழு 2009 விதிமுறைகளிலேயே தடுத்துவிட்டது. இந்தச் செய்தி தெரியாமல் நகையை அடகு வைத்த குடும்பங்களை நாம் அறிவோம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நம் சங்கத்தாரே கொஞ்சம் தங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மகன் எம்.ஏ. சேர்ந்தால் கடன் வாங்குகிறோம். மகள் சேர்கிறேன் என்றால் மாப்பிள்ளை தேடுகிறோம். மேடையில் பெரியாரும் வீட்டில் பஞ்சாங்கமும்! சங்கக் கல்வி நிதியில் பாதி பெண்களுக்கு என்ற தீர்மானம் வரும் பொதுக்குழுவில் கொண்டுவரப்படும். எதிர்க்கிறவர்கள் எழுந்து நின்று காரணம் சொல்லட்டும்.

இவ்வாண்டு முதுகலையிலோ ஆராய்ச்சியிலோ சேர்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று காரியம் சொல்கிறோம். ஆய்வுத் தலைப்பை வழிகாட்டியிடம் கொடுக்குமுன் சங்கக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். தறிக்காரரும் லாரி ஓட்டுநரும் கேள்வி கேட்பார்கள், அந்தக் கேள்விகள் வாய்மொழித் தேர்வை விடக் கடினமாக இருக்கும். யாரிடமிருந்து செய்தி திரட்டினீர்களோ அவர்களுக்கு, ஆய்வு முடிந்ததும் பதினாறு பக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக் கொடுங்கள். அச்சுச் செலவு நம்முடையது. தெலுங்கு உழைப்பாளரும் நம் தோழரே. அவருக்குப் புரியாத ஆய்வு பாதி ஆய்வுதான். மூன்றாவதாக, வழிகாட்டி வீட்டு மளிகைச் சாமான் வாங்கிவரச் சொன்னாலோ, உதவித்தொகை மூன்று மாதம் நின்றாலோ, சாதியைச் சொல்லி யாரேனும் பேசினாலோ, அறைக்குள் உட்கார்ந்து மனம் நோகவேண்டாம். அன்றே எங்களுக்குச் சொல்லுங்கள், இரவானாலும் சரி.

தலைப்புகளை அடுத்த இதழிலிருந்து வெளியிடுவோம். பெயரும் ஊரும் துறையும் எழுதி, தலைப்பைத் தமிழிலேயே குறித்து, மாதக் கடைசிக்குள் அனுப்பிவையுங்கள்.